ஸ்கேனுக்கு முன் ஒரு கை சுண்டல்

திரையில் ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் மஹ்விஷ் கையிலிருந்த கருவியைப் பூனத்தின் மழித்த வயிற்றில் இடமும் வலமுமாக நகர்த்தினார், சாய்த்தார், அழுத்தினார், இன்னும் கொஞ்சம் ஜெல்லைப் பிதுக்கினார். மார்கழி மாத விடியற்காலை மாதிரி ஒரே வெள்ளைப் புகை. நாய்க்குள்ளே ஈரல், குடல் என்று ஏதாவது இருக்கிறதா, இல்லை கடவுள் வெறும் பஞ்சை அடைத்து அனுப்பிவிட்டாரா என்று சந்தேகம் வந்துவிடும்.

“நேத்து ராத்திரியிலேர்ந்து வயிறு காலிதானே சார்?” என்று டாக்டர் கேட்டார்.

“காலிதான் டாக்டர்,” என்றார் நாயின் சொந்தக்காரர் அய்யாதுரை.

அவர் வாயை மூடுவதற்குள் பூனம் ஏப்பம் விட்டது. சாதாரண ஏப்பம் இல்லை. கல்யாணப் பந்தியில் பாயசத்தை மூன்றாவது தடவை கேட்டு வாங்கியவர் விடுகிற ஏப்பம். அந்தச் சின்ன ஏசி அறை முழுக்கத் தேங்காய்த் துருவலும் பெருங்காயமும் மணத்தது.

முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் புகழேந்தி மூக்கை ஒரு இழுப்பு இழுத்தார். “சுண்டலு,” என்றார். “கொண்டக்கடலை சுண்டலு மேடம்.”

பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தது அய்யாதுரையின் மனைவி ஜெயபாரதி. அவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு அய்யாதுரை எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். எதுவும் எடுபட்டதில்லை.

“கோயில் பிரசாதம்,” என்றார் அய்யாதுரை. “பிரசாதத்தை எப்படி டாக்டர் வேண்டாம்னு சொல்ல?”

நடந்தது இதுதான். மேற்கு மாம்பலம் வீட்டிலிருந்து கிளம்பும்போது, ஆட்டோ வருவதற்குள் தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பூனத்தையும் இழுத்துக்கொண்டு போனார். யாரோ வேண்டுதல் என்று சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொன்னையை வாங்கிக் கையில் வைத்திருந்தார். நான்கு நாளாகப் பாலைக் காட்டினாலும் பிஸ்கட்டை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாய், தொன்னையைப் பார்த்து வாலை ஆட்டியது. லேசாகத்தான், மின்வெட்டுக்கு முன்னால் துடிக்கிற டியூப்லைட் மாதிரி. ஆனாலும் ஆட்டியது. ஸ்கேனாவது ஒன்றாவது. மனுஷன் தொன்னையைக் கீழே வைத்துவிட்டார்.

“சார்,” என்றார் டாக்டர் பொறுமையாக, “வயித்துல காத்து இருந்தா இந்த மிஷினால பார்க்க முடியாது. நீங்க குடுத்தது ஊர்லயே நல்லா காத்துப் பிடிக்கிற ஐட்டம்.”

“உள்ள ஒரே பொகையா கீது சார்,” என்று புகழேந்தி திரையைக் காட்டி ஒத்து ஊதினார். “போகி கணக்கா.”

ஜெல்லைத் துடைத்துவிட்டு டாக்டர் மறுபடியும் கையாலேயே வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முந்தின நாளும் இதே இடத்தில்தான் அவர் விரல்கள் நின்றன. “இங்க ஏதோ ஒண்ணு தட்டுப்படுது.”

“கட்டியா டாக்டர்?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பார்க்காம நான் எதையும் சொல்ல மாட்டேன். சாயங்காலம் கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் தண்ணியைத் தவிர ஒண்ணும் வேண்டாம்.” பிறகு, ஞாபகம் வந்தவர் போல, “துணி, பந்து, பிளாஸ்டிக்னு எதையாவது முழுங்கியிருக்க வாய்ப்பு இருக்கா?” என்று கேட்டார்.

“துணியா? வீட்டுல எங்க டாக்டர் துணி சிதறிக் கெடக்கு? ஜெயா ஒரு கைக்குட்டையைக் கூடக் கீழ விட மாட்டா.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வீட்டில் துணி சிதறிக் கிடப்பதில்லை, வாஸ்தவம். ஆனால் அய்யாதுரைக்குத் துணிக்கடை. தி. நகரில், பெரிய மாளிகைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு சேலைக்கடை. பூனம் வந்ததே அங்கேதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சூரத்திலிருந்து வந்த பூனம் ரகச் சேலை மூட்டையை, அதாவது பேலை, லாரியிலிருந்து இறக்கியபோது, அதன் மேல் சுருண்டு படுத்திருந்தது ஒரு பழுப்பு நாய்க்குட்டி. அது சூரத்திலேயே ஏறியதா, வழியில் ஏறியதா தெரியாது. பேரை மட்டும் பேலிலேயே எழுதியிருந்தது.

கடையில் வளர்ந்த நாயை வீட்டுக்கு அனுப்பியது ஒரு முகூர்த்தப் புடவை. விரித்துக் காட்டியபோது முந்தானையில் நாய் முடி. கல்யாண வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். ‘இனிமே அவ கடைப் பக்கம் வரக் கூடாது’ என்றார் ஜெயபாரதி. அய்யாதுரையும் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ‘வாக்கிங்’ என்று பூனத்தை ஸ்கூட்டரில் நிற்க வைத்து, துரைசாமி சுரங்கப்பாதை வழியாக நேரே கடை மாடியில் உள்ள குடோனுக்குக் கூட்டிப் போய்விடுவார். நாயும் நடக்கவில்லை, அவரும் நடக்கவில்லை. ஜெயபாரதிக்கு மட்டும் நாயின் கால் வலுவாக இருப்பதில் ரொம்பத் திருப்தி.

திரும்பும்போது ஆட்டோ மந்தைவெளியைத் தாண்டியதும் ஜெயபாரதி மடியில் கிடந்த நாயிடம் சொன்னார்: “பூனம், உங்க அப்பாவுக்கு அறிவுங்கிறது இருக்கான்னு கேளு.”

பூனம் கேட்கவில்லை. அய்யாதுரையே கேட்டுக்கொண்டார், பதில் சாதகமாக வரவில்லை.

“கோவமா இருக்கியா ஜெயா?”

“பூனம், வெயில் படுது பாரு, இந்தப் பக்கம் தலைய வை.”

வீட்டில் இருவரையும் இறக்கிவிட்டு அவர் கடைக்குப் போனார். ஆடித் தள்ளுபடி நடக்கிற சமயம். தெரு நிரம்பி வழிந்தது. ‘வாங்கம்மா வாங்க’ என்று கூவுகிற குரல்களுக்கு நடுவில் அய்யாதுரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால், எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்.

மூன்று மணி வாக்கில் தேவானை வந்தார். நொச்சிக்குப்பம் பக்கம் மீன் வறுவல் தள்ளுவண்டி போட்டிருப்பவர். மகள் வளைகாப்புக்குப் புடவை பார்க்கப் போன வாரமும் வந்தார், மெரூன் கலர் ஒன்றைத் தொட்டுத் தடவிவிட்டு, யோசிக்கிறேன் என்று போனார். இப்போது யோசித்துவிட்டு வந்திருந்தார்.

“நைனா, அந்த மெரூன எடு. இன்னும் இருக்கா, வித்துட்டியா?”

எடுத்துப் போட்டார். தேவானை முந்தானையை விரலில் வைத்துக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சாயம் போவுமா?”

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு அய்யாதுரையின் நாக்கு தானாகவே ஓடும், மூளையைக் கலந்துகொள்வதில்லை. “முதல் தண்ணியில லேசா விடும்மா. அது சாயம் இல்ல, எக்ஸ்ட்ரா கலர். உப்புப் போட்டு ஊற வச்சு, தனியா அலசி, நெழல்ல காயப் போட்டா...”

“உப்பு இருக்கட்டும். போவுமா, போவாதா?”

“கட்டுறவங்க பக்குவத்தைப் பொறுத்து...”

தேவானை புடவையை மேசையில் வைத்தார். “இன்னாபா நீ! நான் இன்னா உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? ஆமான்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு. என் வண்டிக்கு வந்து ‘மீனு இன்னிக்குப் புட்ச்சதா’ன்னு ஒருத்தன் கேட்டா, நான் கடல் பக்குவத்தைப் பொறுத்துன்னு சொல்லிக்கினு இருந்தா எவன் துன்னுவான்?”

“கோவிச்சுக்காதம்மா. மனசு சரியில்ல. வீட்டுல நாய்க்கு முடியல.”

“அய்யே!” தேவானையின் குரல் சட்டென்று இறங்கியது. “அந்தப் பழுப்பு நாயா? மாடி மேல படுத்துங்கெடக்குமே? டாக்டரு இன்னா சொன்னாரு?”

“அதான்மா... கட்டியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமாம். பொழைக்குமா பொழைக்காதான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறாங்க.”

சொல்லி முடித்ததும் தன் காதிலேயே அது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. தேவானை அவரையும் மெரூன் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷி, புடவையை அவர் பக்கமே தள்ளி வைத்தார். கிளம்பும்போது, “நாளிக்கு வர்றேன், எட்த்து வை. போன வாரம் குட்த்தேனே வஞ்சரம், அத்தயாவது துன்னியா, இல்ல அதுக்கும் பக்குவம் பாத்துனு வுட்டுட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மெரூன் புடவையை மடிக்க ஆரம்பித்த அய்யாதுரை பாதியில் நிறுத்தினார்.

வஞ்சரம்.

அந்த நேரம் பார்த்து ஜெயபாரதியிடமிருந்து போன் வந்தது. “சுண்டல் பூராவும் வெளிய வந்துட்டு,” என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் புருஷனிடம் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

அய்யாதுரை மாடிப்படி ஏறினார். குடோனில் பேல்களுக்கு நடுவே பூனம் வழக்கமாகப் படுக்கும் பள்ளம் அப்படியே இருந்தது, நாய் அளவுக்கு அமுங்கி. போன வாரம் புதன்கிழமை அவர் உட்கார்ந்து தின்ற இடமும் அதன் பக்கத்தில்தான். ஜெயபாரதி ஆடி மாதம் முழுக்க அம்மனுக்கு விரதம். வீட்டில் கவுச்சி வாடையே கிடையாது. அய்யாதுரையும் கூடவே விரதம் என்பது ஜெயபாரதியின் நம்பிக்கை. அதைக் கெடுக்க மனமில்லாமல்தான் அவர் குடோனில் ஒளிந்து தின்றார். நாலு துண்டு வறுவல். முள்ளில்லாத சதையைப் பிய்த்துப் பூனத்துக்கும் ஒரு வாய். கீழே குழாயடிக்குப் போனால் கடைப் பையன்களுக்கு மசாலா வாசனை தெரிந்துவிடும். வெட்டிப் போட்ட ரவிக்கை பிட்டு ஒன்று சிவப்பாகக் கையில் அகப்பட்டது. கையை நன்றாகத் துடைத்து, இலையையும் வழித்து, அதைச் சுருட்டிப் பேல் இடுக்கில் செருகினார். தடயத்தை அழித்ததாக நினைப்பு. மறுநாள் தேடினார், காணோம். கூட்டுகிற அம்மா எடுத்துப் போட்டிருப்பாள் என்று நிம்மதியானார்.

வஞ்சரம் வறுவல் மசாலாவில் ஊறிய பருத்தித் துணி. நாயின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தால், அதைத் தின்னாமல் விடுவதுதான் முட்டாள்தனம்.

இடுக்கில் கைவிட்டுத் துழாவினார். பேல்களை நகர்த்தினார். மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். துணி இல்லை. தரையில் உட்கார்ந்தார். கட்டியாக இல்லாமல் அந்தத் துணியாக இருந்தால் நல்லதல்லவா என்று ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷம், அப்படியானால் இத்தனை நாளாக நாயைப் பட்டினி போட்டது தான்தான் என்று உறைத்தது. அதற்கடுத்த நிமிஷம், இதை ஜெயபாரதி முன்னால் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. மூன்றில் எது மனதில் அதிக நேரம் நின்றது என்று கேட்டால், மனுஷன் உண்மையைச் சொல்ல மாட்டார்.

சாயங்காலம் மந்தைவெளியில் மறுபடியும் அதே அறை. பூனம் இப்போது யாரும் பிடிக்காமலேயே அசையாமல் கிடந்தது. காலையில் ஏப்பம் விட்ட நாயா இது என்று இருந்தது. ஜெயபாரதி அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். வழியெல்லாம் ஆட்டோவில் அய்யாதுரை மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் டிராபிக்கைப் பற்றிப் பேசிவிட்டு மூடிக்கொண்டார்.

டாக்டர் கருவியை வைத்தார். இந்தத் தடவை திரையில் புகை விலகி இருந்தது. கறுப்பும் சாம்பலுமாக ஏதேதோ அசைந்தன. அய்யாதுரைக்கு எல்லாமே மழையில் நனைந்த ஷிஃபான் மாதிரிதான் தெரிந்தது.

“ஈரல் நல்லா இருக்கு,” என்றார் டாக்டர்.

அய்யாதுரை மூச்சு விட்டார்.

“மண்ணீரல், நல்லா இருக்கு. ரெண்டு கிட்னியும் ஓகே.”

“கிட்னி சூப்பரா கீதும்மா,” என்று புகழேந்தி ஜெயபாரதிக்கு மொழிபெயர்த்தார்.

கருவி நின்றது. டாக்டர் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைப் பார்த்தார். திரையில் பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே கிணறு மாதிரி இருட்டு.

“இரைப்பையிலேர்ந்து குடலுக்குப் போற வாசல். இங்கதான் என்னமோ இருக்கு. சுவர்ல வளர்ந்த கட்டியா, உள்ள போய் அடைச்ச பொருளா, இப்ப உறுதியாச் சொல்ல முடியல. வயசான நாய், ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு. ஊசி வச்சுக் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம். ரிசல்ட் வர நாலஞ்சு நாள் ஆகும்...”

“அத்தனை நாள் தாங்குவாளா?” என்று ஜெயபாரதி கேட்டார்.

டாக்டர் கருவியை மறுபடியும் அதே இடத்தில் வைத்து அழுத்தினார்.

அய்யாதுரை மனைவியின் கையைப் பார்த்தார். அது நாயின் காதிலேயே நின்றுபோயிருந்தது. போவுமா, போவாதா என்று தேவானை கேட்டது எங்கிருந்தோ காதில் விழுந்தது.

“டாக்டர், அது துணி,” என்றார்.

அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், பூனம் உட்பட.

“காலையில வீட்டுல துணி கெடக்காதுன்னு சொன்னேன். கடையில கெடக்கும். தெனமும் இவளைக் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். வாக்கிங் எல்லாம் ஒண்ணும் கெடையாது ஜெயா. போன புதன்கெழம குடோன்ல ஒக்காந்து வஞ்சரம் தின்னேன்.”

“ஆடியிலயா?” என்றார் ஜெயபாரதி.

“ஆடியிலதான். கையை ஒரு பிட்டுத் துணியில தொடச்சு பேல் இடுக்குல செருகி வச்சேன். இன்னிக்குத் தேடிப் பார்த்தேன், இல்ல. அது இவ வயித்துலதான் இருக்கு.”

ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷனிடமிருந்து அத்தனையும் மூச்சுவிடாமல் வந்துவிட்டது. புகழேந்தி மெதுவாக, “வஞ்சரத்துக்குத் துணியே துன்னலாம் சார்,” என்றார். யாரும் சிரிக்காததால் ஜெல் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார்.

டாக்டர் ஏற்கெனவே திரைக்குத் திரும்பிவிட்டார். பூனத்தை லேசாக ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார். கருவியை வேறு சாய்வில் வைத்தார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில் அவர் தோள் தளர்ந்தது.

“இதோ. சுவர் தனியா இருக்கு, இது தனியா அசையுது. மடிப்பு மடிப்பா இருக்கு பாருங்க. கட்டியில இப்படி மடிப்பு வராது.”

அய்யாதுரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் மடித்தும் பிரித்தும் போட்ட கை. ஒரு மடிப்பும் தெரியவில்லை. அதே ஷிஃபான். ஆனாலும், “ஆமா டாக்டர், நல்லாத் தெரியுது,” என்றார். பழக்கதோஷம்.

“சர்ஜன் பக்கத்துலதான் இருக்காரு, கூப்பிடுறேன். இன்னிக்கே எடுத்துடலாம். எவ்வளவு பெரிய துணி?”

“ஒரு கைக்குட்டை அளவுதான். காட்டன்.”

“என்ன கலர்?”

“செவப்பு.”

“சாயம் போகுமா சார்? வாந்தியில சிவப்பா வந்தா ரத்தமா சாயமான்னு எனக்குத் தெரியணும்.”

அய்யாதுரையின் நாக்கு கிளம்பிவிட்டது. எக்ஸ்ட்ரா கலர், முதல் தண்ணி, உப்பு, நிழல் எல்லாம் வரிசையாக நுனிக்கு வந்து நின்றன. ஜெயபாரதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகும் டாக்டர்,” என்றார் அய்யாதுரை. “நல்லாவே போகும்.”

சொன்ன பிறகு ஆகாயம் இடிந்து விழவில்லை. ஜெயபாரதி மட்டும் நாயிடம் குனிந்து, “பூனம், இந்த ஆளு சொன்னதைக் கேட்டியா?” என்றார். குரலில் கோபம் இருந்தது. கூடவே வேறு ஏதோவும் இருந்தது.

டாக்டர் போனில் சர்ஜனிடம் பேசிவிட்டு வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே விவரம் சொன்னார். ஒன்பது வயது, நான்கு நாளாகச் சாப்பிடவில்லை, முதலில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், மயக்க மருந்தை அளந்துதான் கொடுக்க வேண்டும், ஆனால் நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, குடல் எங்கும் கிழியவில்லை. அய்யாதுரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

“அதெல்லாம் சரி டாக்டர்,” என்றார் கடைசியில். “பொழைச்சுக்குமா?”

டாக்டர் மஹ்விஷ் பூனத்தின் வயிற்றில் மிச்சமிருந்த ஜெல்லைப் பஞ்சால் துடைத்தார். கருவியை அதன் தாங்கியில் மாட்டினார். பிறகு நிமிர்ந்து அய்யாதுரையை நேராகப் பார்த்தார்.

“பொழைச்சுக்குவா,” என்றார்.

‘ஆனா’ என்று ஒன்று பின்னால் வரும் என்று அய்யாதுரை காத்திருந்தார். வரவில்லை.